மாமியார் அறையில் ஒரு கேமரா

காலை ஏழு மணிக்கே சுவரில் துளை போடும் சத்தம் வீட்டை உலுக்கியது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தவள், மாமியாரின் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். ஏணி மேல் கேமரா பொருத்துகிறவர். ஏணியைப் பிடித்தபடி அவள் கணவர். பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நாத்தனார்.

"வாசலுக்கு மட்டும்தானே சொன்னீங்க... இங்க எதுக்குங்க?"

கணவர் பார்வையை ஏணிப் பக்கம் திருப்பிக்கொண்டார். நாத்தனார்தான் சீறினாள்.

"போன வாரம் எங்கம்மா முழங்கையில காயம். கதவுல இடிச்சுக்கிட்டாங்கன்னீங்க. இந்த வாரம் நெத்தி வீங்கியிருக்கு. கதவு என்ன அண்ணி, எழுந்து வந்து இடிக்குதா?"

பதினெட்டு வருஷம் கூடவே இருந்தவரை, தான் அடித்ததாகவா...!

ஒரே வார்த்தையில் பழியைத் துடைத்துவிடலாம். ஆனால் நாலு மாதத்துக்கு முன், ஞாபகம் போகிற நோய் என்று டாக்டர் சொன்ன அன்று, மாமியார் அவள் கையைப் பிடித்துக் கெஞ்சியிருந்தார். "புள்ளைங்ககிட்ட சொல்லிடாதம்மா... என்னை எங்கயாவது கொண்டுபோய் விட்டுடுவாங்க!" ஒரு பார்வையிலேயே வகுப்பை அடக்கிய கணக்கு டீச்சர், குழந்தை மாதிரி அழுதார். அவள் வாக்குக் கொடுத்தாள். முதுகுவலி என்று பொய் சொல்லித் தையல்கடை வேலையையும் விட்டாள்.

"இந்த ரூம்ல மட்டும் வேணாமே... அவங்க மானம்..."

"பயமா இருக்கா அண்ணி?"

அவள் அடுப்படிக்குத் திரும்பி நடந்தாள்.

மூன்றாம் நாள் மதியம். மாமியாருக்குத் திடீரென்று அவளை அடையாளம் தெரியாமல் போனது. "யாருடி நீ? என் வீட்டுல என்ன பண்ற?" பளாரென்று ஓர் அறை. அவள் கன்னத்தைத் தடவக்கூட இல்லை. வழக்கம்போல் தரையில் மண்டியிட்டுக் கை கட்டினாள்.

"டீச்சர், வாய்ப்பாடு ஒப்பிக்க வந்திருக்கேன். ஓரேழு ஏழு... ஈரேழு பதினாலு..."

மாமியாரின் முகம் மெல்ல இளகியது. "சத்தமா சொல்லு" என்று எழுந்தவர், அடிக்கடி நடப்பதுபோல் கால் தடுக்கிச் சாய்ந்தார். அவள் பாய்ந்து தாங்கினாள். கட்டில் சட்டத்தில் மோதியது அவள் தோள்.

"அண்ணி...! அடிபட்டுடுச்சா அண்ணி...?"

குரல் சுவரிலிருந்து வந்தது. கேமராவிலிருந்து! ஆபீஸிலிருந்து போனில் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்த நாத்தனார் கதறிக்கொண்டிருந்தாள்.

அரைமணி நேரத்தில் அண்ணனையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"ஏன் அண்ணி மறைச்சீங்க? நான் பேசினதுக்கெல்லாம் ஏன் வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க?"

"அத்தைக்கு வாக்குக் குடுத்துட்டேன்மா... எங்கயாவது விட்டுடுவீங்கன்னு பயந்தாங்க."

நாத்தனார் தாயின் மடியில் முகம் புதைத்தாள். "உன்னை எங்கயும் விட மாட்டோம்மா!"

கணவர் தலை குனிந்து நின்றார். "உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்..."

"கேட்டிருக்கலாங்க" என்றாள் அவள். கோபமில்லை, அதுவே அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

"என்ன வேணும்னாலும் கேளுங்க அண்ணி" என்றாள் நாத்தனார், கண்ணீரோடு.

"இன்னிக்கு ஒரு நாள் அத்தையை நீ பாத்துக்கறியாம்மா? நான் கொஞ்சம் தூங்கணும்..."

அடுத்த அறையில் அவள் தலை சாய்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம், நாத்தனார் அழுகையும் விக்கலுமாக ஏழாம் வாய்ப்பாட்டைத் தப்பும் தவறுமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். திருத்துவதற்குள் அவள் தூங்கிப்போனாள்.