சினைக் குட்டை

அறுத்த விரால் ஒவ்வொன்றின் வயிற்றிலும் சினை இருந்தது. ஆண் மீன் என்று எட்வர்ட் தனியாக எடுத்துப் போட்டவற்றிலும்கூட. ஆரோக்கியமேரி அரிவாள்மனையை விட்டு எழுந்தாள். விரலிடுக்கில் மஞ்சள் முட்டைகள் பிசுபிசுத்தன.

"இன்னாங்க இது? ஆம்பள மீன்லயும் சினை கீது?"

"மருந்துக் கம்பெனி தண்ணி கலக்குதாம். பொம்பளைங்க மாத்திரையில போடற மருந்தாம். மீன்வளத்துறை சார் சொன்னாரு." எட்வர்ட் அவள் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டினான். "முட்டை போடும். பொரிக்காது."

அவன் ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போனான்.

தொழிற்பேட்டைக்குப் பின்னால், அவர்கள் குத்தகைக்கு எடுத்த குட்டை வீட்டை ஒட்டியே கிடந்தது. இந்த மழைக்கு ஒரு குஞ்சுகூடக் கண்ணில் படவில்லை. கோரைக்கு நடுவே முட்டைகள் வெளுத்து, பூசணம் பிடித்து மிதந்தன. விரால்கள் அவற்றைச் சுற்றிக் காவல் நின்றன. குஞ்சு பெரிதாகும்வரை விரால் யாரையும் கிட்டே விடாது. முட்டைகள் கரைந்துபோன பிறகும் அவை நகரவில்லை. வெறும் தண்ணீரைக் காத்துக்கொண்டிருந்தன.

பொழுது சாயும் நேரம், கம்பெனிக் குழாயிலிருந்து நீர் குட்டைக்குள் கொட்டும் சத்தமும், சுவருக்கு அப்பால் ஓயாமல் உறுமும் இயந்திரமும், அடுப்பில் கொதிக்கும் குழம்பின் புளிவாசனையுமாக இருந்தபோது, திடீரென்று தவளைகள் எல்லாம் ஒன்றாக வாயடைத்ததை அவள் உணர்ந்தாள்.

பின்கதவு திறந்திருந்தது.

"பிரின்சி?"

நான்கு வயதுப் பெண். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தாள்.

"வெளிய வாடி!"

"உட மாட்டேங்குதுங்கம்மா."

ஆரோக்கியமேரி குட்டையில் இறங்கினாள். முழங்காலில் ஏதோ மோதியது. மறுபடியும். பிறகு பற்கள். சேலை கிழிந்தது. அவள் அலறிக்கொண்டே கைகளால் தண்ணீரை அடித்தாள். விரால்கள் துள்ளி அவள் வயிற்றில், மார்பில் முட்டின. கால் வழுக்கியது. விழுந்தாள். எழுந்தாள். கரைக்கே தள்ளப்பட்டிருந்தாள்.

குழந்தைமேல் ஒரு கீறல் இல்லை.

பிரின்சியைச் சுற்றித் தண்ணீர் கறுப்பாக நெளிந்தது. அந்த வட்டம் மெல்ல நகர்ந்தது. ஆழத்தை நோக்கி. பிரின்சியும் அதோடு.

"எங்கடி போற? நில்லு! பிரின்சி!"

"கூட்டிக்கினு போறாங்கம்மா."

மார்பளவு. கழுத்தளவு.

தண்ணீருக்கு மேலே பிரின்சியின் முகம் மட்டும் தெரிந்தது. அதைச் சுற்றி நூற்றுக்கணக்கில் கரிய தலைகள், வாய் பிளந்து, அத்தனையும் அவள் அம்மாவையே பார்த்தபடி.