பதில் மணி

"அத்த தொடாதன்னா தொடாத. நீ யாருக்குப் பதில் குடுக்கறேன்னு தெரியுமா உனக்கு?"

"கம்ப்யூட்டருக்கு டாடி. கார்டு லூஸா இருந்தா அது அப்பிடித்தான் கத்தும்."

"அது கத்தலடா. கூப்புடுது."

சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளான ஸ்கெலட்டன் லைனில் சுவர் என்பது சும்மா மரியாதைக்கு நிற்பது. ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் பக்கத்து வீட்டில் தும்முவார்கள். ஆகவே சுந்தரராஜும் அவர் மகன் ரோனியும் போடும் சண்டையைக் கேட்க, பக்கத்து வீட்டுக் கங்கம்மா தனியாக மெனக்கெட வேண்டியதில்லை. இருந்தாலும் அன்று கீரையை எடுத்துக்கொண்டு சுவரோரமாக வந்து உட்கார்ந்துதான் ஆய்ந்தாள்.

ரோனி அந்தப் பெட்டியைக் கடையில் முழுசாக வாங்கியவனில்லை. பெங்களூரில் ஒவ்வொரு சாமானாகப் பொறுக்கி, பங்காருபேட்டை ரயிலில் மடியில் வைத்துத் தூக்கிவந்து, தானே பூட்டியது. விண்டோஸும் லைனக்ஸும் ஒரே பெட்டியில் என்று வாசலில் பலகைகூட மாட்டிவிட்டான். சுரங்கத்தை மூடிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. ஊரில் பாதிப் பேர் பெங்களூருக்கு ரயிலேறிக்கொண்டிருந்தார்கள். இவன் முன்னறையில் வகுப்பு நடத்திப் பிழைக்கப் பார்த்தான். காரணம் கரோலின். அவள் அப்பா ராஜப்பா, பெட்டி ஓடுவதைக் கண்ணால் பார்த்தால்தான் கல்யாணப் பேச்சு, இல்லாவிட்டால் ஓசூர் மாப்பிள்ளைக்குச் சம்மதம் சொல்லிவிடுவேன் என்று கறாராகச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவதாக ஏற்பாடு.

பெட்டியோ ஓடவில்லை. சுவிட்சைப் போட்டால் விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே கிடக்கும், உள்ளிருந்து சத்தம் வரும். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. திரைக்கான கார்டு சரியாக உட்காரவில்லை என்று அதற்கு அர்த்தம். ரோனி கார்டைக் கழற்றி, முனையை அழிப்பானால் தேய்த்து மாட்டினான். மெமரியை இடம் மாற்றினான். மின்சாரம் கொடுக்கும் பெட்டியையே மாற்றினான். மூன்று சத்தம், கறுப்புத் திரை, விசிறிக் காற்றில் எங்கிருந்தோ வந்த ஈரப் பாறை வாசனை. எரிச்சலில் ஒருநாள் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரால் பெட்டியின் தலையில் அதே மாதிரி மூன்று தட்டுத் தட்டினான்.

திரை விழித்துக்கொண்டது.

அதிலிருந்து தட்டினால் ஓடும், தட்டாவிட்டால் ஓடாது. பையனுக்குக் குஷி. விண்டோஸை ஏற்றினான், லைனக்ஸை ஏற்றினான், விண்டோஸைத் திரும்ப ஏற்றியதில் லைனக்ஸின் வழி அழிந்துபோக, பிளாப்பி போட்டு அதை மீட்டான். ஒவ்வொன்றுக்கும் அணைத்து அணைத்துப் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் மூன்று சத்தம், மூன்று தட்டு. வீடு கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்துவந்ததை அவன் கவனித்தான். தரையில் வெறுங்காலை வைத்தால் வெகு ஆழத்தில் ஏதோ இழுபடுவதுபோல மெல்லிய அதிர்வு இருந்ததையும் கவனித்தான். ரயிலாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டான். ரயில் இல்லாத நேரத்திலும் அப்படியே எண்ணிக்கொண்டான்.

அப்பாவுக்கு எரிச்சல் அதனால்தான். சுந்தரராஜ் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில், ஆட்கள் இறங்கி ஏறும் செங்குத்துக் குழியான ஷாப்டில், மணியடிக்கும் பெல்மேனாக இருந்தவர். கீழே ஆட்கள் வேலை செய்யும் லெவலிலிருந்து மணி வரும். மேலே இருப்பவர் அதையே திருப்பி அடிக்க வேண்டும். அடித்தால்தான் ஆட்களைத் தூக்கும் கேஜ் என்கிற கூண்டு நகரும். மேலே வந்த ஒவ்வொருவரும் தன் நம்பர் பொறித்த பித்தளை டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

"மூணு மணின்னா ஆளுங்க ஏறிட்டாங்கன்னு அர்த்தம்" என்றார் இப்போது, குரலைத் தணித்து. "நீ திருப்பி அடிச்சா, தூக்கச் சொல்றேன்னு அர்த்தம். எத்தினி வாட்டி அடிச்ச?"

ரோனிக்குக் கணக்குத் தெரியவில்லை.

அம்மா ஐடா ஜெபமாலையோடு சமையலறைக்குள் போய்விட்டாள். ரோனி சிரிக்கத்தான் நினைத்தான். பெட்டியைத் திறந்து, சத்தம் போடும் சின்ன ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சுவிட்சைப் போட்டான். நீளமாக ஒன்று. குட்டையாக இரண்டு. காதை வைத்துத் தேடினான். சத்தம் எர்த் வயரில் இருந்தது. அந்த வயரை அவன்தான் கொல்லையில் தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த துருப்பிடித்த இரும்புக் குழாயில் கட்டியிருந்தான். ஆழமாகப் போகிற குழாய், நல்ல எர்த் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக் கட்டியது.

"அது காத்து பைப்புடா" என்றார் சுந்தரராஜ். "ஷாப்டுக்குள்ள போறது. உள்ள மாட்டிக்கிட்டவங்க அதுலதான் தட்டுவாங்க."

ரோனி வயரை வெட்டினான். சத்தம் நின்றது, ஆனால் பெட்டி அடியோடு படுத்துவிட்டது, விசிறிகூடச் சுற்றவில்லை. நாள் முழுக்க முயன்றான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசலில் ராஜப்பாவின் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டதும் கொல்லைக்கு ஓடி, வெட்டிய வயரை முறுக்கிச் சேர்த்தான். குழாய் ஐஸ்போலச் சில்லிட்டது.

ராஜப்பா டீயை உறிஞ்சியபடி உட்கார்ந்தார். மூன்று சத்தம். ரோனி தட்டினான்.

"இன்னாப்பா, தட்டினாத்தான் ஓடுமா? எங்க வீட்டு ரேடியோ மாதிரி."

விண்டோஸ் வந்தது. மனிதர் முகம் மலர்ந்தது. ரோனி நெற்றியைத் துடைத்தான். முடிந்தது, இனி தொடவே வேண்டாம், கரோலின் கிடைத்தாள்.

"பலகையில இன்னொண்ணு இருக்குன்னு எழுதிக்கீறியே. அத்தயும் காட்டு."

சமையலறை வாசலில் அப்பா நின்றார். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். ராஜப்பா காத்திருந்தார்.

ரோனி அணைத்துப் போட்டான்.

மூன்று. தட்டினான்.

கரண்ட் போயிற்று. திரை செத்தது. விசிறி நின்றது. தரையின் அதிர்வு மட்டும் நிற்கவில்லை. இழுபட்டது. ஏறியது. டம்ளரில் டீ நடுங்கியது. ஈரப் பாறை. வெடிப்புகை. வியர்வை.

கொல்லையில் ஒரே ஒரு மணி.

"நின்னுடுச்சு" என்றார் சுந்தரராஜ்.

ரோனி ஓடிப்போய்க் கொல்லைக் கதவில் முதுகைக் கொடுத்தான். கதவுக்கு அடியில் தண்ணீர். கணுக்கால் குளிர்ந்தது. அந்தப் பக்கம் யாரும் இடிக்கவில்லை. சாய்ந்தார்கள். பொறுமையாக. ஷிப்ட் முடிந்து வரிசையில் நிற்பவர்கள்போல.

"வுடுடா. மேல வந்தவங்கள நிக்க வெக்கக் கூடாது."

அப்பா அவனை விலக்கினார். தாழ் விலகியது.

இருட்டு. ஹெல்மெட்டுகள். ஒன்றின் பின் ஒன்று, வேலி வரை, வேலிக்கு அப்பால். எரியாத விளக்குகள். அவற்றின் கீழே முகம் இருக்க வேண்டிய இடத்தில் சொட்டும் நீர். முதலாவது ஆள் கையை நீட்டினான். ரோனியின் உள்ளங்கையில் ஈரமாக, பாரமாக, ஒரு பித்தளை டோக்கன் விழுந்தது.

அடுத்த கை.

அடுத்தது.

ராஜப்பா சைக்கிளை விட்டுவிட்டே ஓடினார் என்று லைனில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிப்பவர்கள் யாரும் அந்தச் சைக்கிளை எடுத்துவரப் போகவில்லை. கரோலினுக்கு ஓசூர் மாப்பிள்ளையே முடிந்தது. பையனுக்குக் கொஞ்சம் வழுக்கை, மற்றபடி குறையில்லை. ரோனி பெங்களூரில் ஒரு துணிக்கடையில் இருக்கிறான், பில் போடும் இயந்திரத்தின் பக்கம் போவதில்லை என்கிறார்கள். ஐடா பங்காருபேட்டையில் தங்கை வீட்டோடு. கங்கம்மாவும் மாரிகுப்பத்துக்குக் குடிபோய்விட்டாள்; போகும் முன் ஒரே ஒருமுறை, ஆசை அடங்காமல், அந்த வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தாளாம். உள்ளே சுந்தரராஜ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடி நிறையப் பித்தளை, தரையெங்கும் பித்தளை, முழங்கால் உயரத்துக்குப் பித்தளை. நீட்டிய அவர் கையை நோக்கி, திறந்த கொல்லைக் கதவிலிருந்து ஈரக் கைகள் இன்னும் வந்துகொண்டிருந்தன.