கறுப்பு ஆட்டின் வெள்ளைத் தாடி

கூடாரத்தின் வாய்த்துணியை விலக்கிக்கொண்டு அபூபக்கர் பாய் தலையை உள்ளே நீட்டியபோது, காளிமுத்துவின் ஒரு கால் காற்சட்டைக்குள்ளும் மற்றொரு கால் வெளியிலும் இருந்தது.

"பாய்! தட்டிட்டு வரக்கூடாதா?"

"துணியை எங்கய்யா தட்டுறது? தங்கச்சி எங்கே? என் பொழப்பே போச்சுலா!"

அவர் தேடிய தங்கச்சி, காளிமுத்துவின் மனைவி கமலவேணி. பாச்சாங்கில் தையல் கடை வைத்திருப்பவள். அந்த வட்டாரத்தில் கோழி காணாமல் போனாலும் கம்மல் காணாமல் போனாலும் ஜனங்கள் முதலில் அவள் கடைப் படியைத்தான் மிதிப்பார்கள். தையல் மெஷினை நிறுத்தாமலே அவள் நாலு கேள்வி கேட்பாள். துணி முடிவதற்குள் பதில் வந்துவிடும். காளிமுத்து மலாக்கா – மஸ்ஜித் தானா பஸ்ஸில் கண்டக்டர். தான் பஸ்ஸில் பொறுக்கி வந்து சொல்லும் சேதிகளால்தான் மனைவியின் மூளையில் பாதி ஓடுகிறது என்பது அவனுடைய நம்பிக்கை. அதை ஒரு முறை அவளிடமே சொல்லிப் பார்த்தான். அன்றைக்கு இரவு குழம்பில் உப்பு இல்லை.

கமலவேணி வெளியே சவுக்கு மரத்தடியில் காப்பிக் கோப்பையோடு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்க பாய். மூச்சு வாங்கிட்டுச் சொல்லுங்க."

"ஸ்டோர்ல கால் மூட்டை அரிசியைக் காணோம் தங்கச்சி. காலையிலேயே சார்ஜன்ட் வராரு!"

காளிமுத்துவின் முகத்தில் இருந்த விடுமுறை ஒரே நொடியில் ஓடிப்போனது.

அவசரகாலம் தொடங்கியதிலிருந்து அரிசி வெறும் அரிசியாக இருக்கவில்லை. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி போய்ச் சேர்ந்துவிடுமோ என்று அரசாங்கம் ஒவ்வொரு அரிசி மணிக்கும் காவல் வைத்தது. போன வருஷம்தான் மலாக்காவின் கரையோரத்தை 'வெள்ளைப் பகுதி' என்று அறிவித்து, ஊரடங்கையும் உணவுக் கட்டுப்பாட்டையும் எடுத்தார்கள். பொழுது சாய்ந்தபின்னும் கடற்கரையில் உட்காரலாம் என்பதே ஜனங்களுக்குத் திருவிழாவாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நம்பித்தான் அபூபக்கர், கோலா சுங்கை பாருவுக்குப் போகும் வழியில் ஒரு பழைய பலகை பங்களாவைப் பிடித்தார். பட்டாளம் கழித்துப் போட்ட கூடாரங்களைச் சவுக்குத் தோப்பில் அடித்து, விடுதி என்று பலகையும் மாட்டினார். பக்கத்தில் கடலும் படகும் இருந்ததால் போலீஸ் ஒரு நிபந்தனை போட்டிருந்தது: ஸ்டோரில் இருக்கும் அரிசிக்கும் டின் சாமான்களுக்கும் அவர்தான் பொறுப்பு, வாரம் தவறாமல் வந்து பார்ப்பார்கள். அரிசி குறைந்து, எங்கே போனது என்று சொல்ல முடியாவிட்டால் விடுதியை மூடிவிடுவார்கள். விடுதிக்காரரையும் ஜீப்பில் ஏற்றிக்கொள்வார்கள்.

"பெருநாளைக்கு ஊருக்கே ஆக்கிப் போடணும்னு பெரிய தேக்சா ரெண்டு வாங்கி படகுக் கொட்டகையில கவுத்து வச்சிருக்கேன்" என்று அபூபக்கர் மூக்கை உறிஞ்சினார். "இனி அதுல என்னைத்தான் கவுக்கணும்."

"வாங்க, ஸ்டோரைப் பார்ப்போம்" என்றாள் கமலவேணி, காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு.

ஸ்டோருக்குப் பூட்டு இல்லை, தாழ்ப்பாள்தான். வாய் அவிழ்ந்த மூட்டை சுவரோரம் சாய்ந்திருந்தது. மேலே பலகையில் சார்டின் டின்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. கமலவேணி ஒன்றை எடுத்துத் திருப்பினாள். மூடியில் ஆணியால் குத்திய ஒரே ஓட்டை. அதிலிருந்து தக்காளிச் சாறு ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. அடுத்த டின்னிலும் அதே ஓட்டை. எல்லாவற்றிலும்.

"ராத்திரி இது இருந்துச்சா?"

"இல்லவே இல்ல" என்றான் அப்துல் கஃபார், அபூபக்கரின் அக்கா மகன், விடுதியின் சமையல்காரன். "எல்லாம் புது டின்னு அக்கா. இன்னொண்ணு சொல்றேன், மாமாகிட்ட சொன்னா திட்டுவாரு. நேத்து வெட்டி அடுக்குன விறகும் ஒரு கட்டு கூட இல்ல."

"அரிசி போனதுக்கு அழுறேன், இவன் விறகுக்கு வந்துட்டான்!" என்று அபூபக்கர் கையை ஓங்கினார்.

அதற்குள் காளிமுத்து வெளியே ஓடி, மண்டியிட்டு மணலை ஆராய்ந்துகொண்டிருந்தான். "வேணி! இங்க வந்து பாரு! என்னமோ கனமா இழுத்துட்டுப் போன தடம். நேரா கடல் பக்கம். படகுல ஏத்திட்டான். கேஸ் முடிஞ்சுது."

"தடம் கடலுக்குப் போகலைங்க. பாதியில தாழைப் புதர்ப் பக்கம் திரும்புது."

"அது... படகு அங்க நின்னிருக்கும்."

"மணல் மேலயா?"

காளிமுத்து முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தான். அப்போது அபூபக்கரின் கறுப்புக் கிடா எதிரே வந்து நின்றது. தினமும் விடிந்ததும் சமையற்கட்டு வாசலில் நின்று வடிகஞ்சிக்குக் கத்துகிற ஆடு அது. நேற்றுக் காலையில் காளிமுத்துவின் தூக்கத்தைக் கெடுத்ததும் அதுதான். இன்றைக்கு வயிறு உப்பி, சம்பந்தி வீட்டு விருந்து முடிந்து வருகிறவரைப் போல் ஆடி அசைந்து வந்தது. கறுத்த தாடியில் வெள்ளையாக ஏதோ காய்ந்து, விறைத்து நின்றது.

கமலவேணி குனிந்து, அந்தத் தாடியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு கடற்கரையையும் தாழைப் புதரையும் பார்த்தாள். அவள் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. பதினோரு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அந்த அசைவு காளிமுத்துவுக்குப் பழக்கம். இனி அவளைக் கேட்டுப் பயனில்லை.

"பாய், எல்லாரையும் வராந்தாவுக்கு வரச் சொல்லுங்க. ஜீப்பு வர்றதுக்கு முன்னால."

எல்லாரும் என்றால் பெரிய கூட்டம் இல்லை. லாரி ஓட்டும் வடிவேலு தனி ஆள். தொப்பையும் சிரிப்புமாக இருப்பவன். சேகரனும் அவன் மனைவி மங்களமும் ரப்பர் மரம் சீவுகிறவர்கள். தம்பினுக்கு அப்பால், காட்டோரத் தோட்டம் ஒன்றிலிருந்து போன வாரம்தான் மஸ்ஜித் தானா பக்கத்துத் தோட்டத்துக்கு மாறியிருந்தார்கள். வேலை தொடங்குவதற்குள் கடலைப் பார்த்துவிட வேண்டும் என்று மங்களத்துக்கு ஆசை. கஃபார் கையில் கரண்டியோடு நின்றான்.

அபூபக்கர் நேரே வடிவேலு மேல் பாய்ந்தார். "விடியாத நேரத்துல லாரி சத்தம் கேட்டுச்சு. எங்கய்யா போனே?"

"மஸ்ஜித் தானாவுக்கு, நாசி லெமாக் வாங்க" என்றான் வடிவேலு. "உங்க கஃபார் எழும்பி அடுப்பு மூட்டுறதுக்குள்ள என் உசிரு போயிடும் பாய்."

"லாரியில என்ன கொண்டு போனே?"

"என் வயித்தை."

"அவர் எடுக்கலை பாய்" என்றாள் கமலவேணி. "அரிசியைப் பதுக்கி வச்சவர் காசு கொடுத்துச் சோறு வாங்கப் போகமாட்டார். முதல்ல டின்னைப் பாருங்க. திருட வந்தவன் டின்னைத் தூக்கிட்டுப் போவான், இல்ல தொடாம விடுவான். ஓட்டை போட்டுத் திரும்ப அடுக்கி வைப்பானா?"

"எலி?" என்றான் காளிமுத்து.

"எலி ஆணி கொண்டு வந்துச்சா?"

வடிவேலு தொப்பை குலுங்கச் சிரித்தான். காளிமுத்துவும் சிரிக்கத் தொடங்கி, சட்டென்று நிறுத்தினான். ஓட்டை போட்ட டின்களை அவன் பார்த்திருக்கிறான். முன்பு காட்டுப் பக்கத்து லைனில் ஓடியபோது, பஸ் ஏறுகிறவர்களின் பையில் இருந்த டின்னெல்லாம் அப்படித்தான் இருக்கும்.

"வேணி, அது கடைக்காரன் போடுற ஓட்டைல்ல? கட்டுப்பாடு இருக்குற ஊருல டின்னைக் குத்தித்தான் கையில கொடுப்பான். குத்துன டின்னு கெட்டுப் போயிடும், காட்டுக்குப் போகாது."

"அதேதாங்க." மனைவியின் குரலில் இருந்த மெச்சுதல் காளிமுத்துவின் நெஞ்சை இரண்டு அங்குலம் அகலமாக்கியது. "அப்ப, இதைச் செஞ்சவங்க டின்னு களவு போகாம இருக்கணும்னு நினைச்சவங்க. டின்னுக்கு ஓட்டை. சரி, அரிசிக்கு என்ன செய்வாங்க? அரிசியைக் குத்த முடியாது. அது காட்டுக்குப் போகாம இருக்க ஒரே வழிதான் இருக்கு."

ஆடு ஏப்பம் விட்டது.

"விறகு காணோம். ஆடு கஞ்சி குடிச்சிருக்கு, தாடியில காஞ்சு போயிருக்கு. ஆனா சமையற்கட்டுல இன்னும் உலையே வைக்கலை. தாழைப் புதருக்குப் பின்னால இருக்குற படகுக் கொட்டகையில பெரிய தேக்சா இருக்கு, தடமும் அங்கதான் போகுது. விடியக்காலையில காத்து கரையிலேருந்து கடலுக்கு வீசும், புகை நம்ம பக்கம் வராது. ராத்திரி பாட்டுப் பாடிட்டு நாம அசந்து தூங்குன நேரத்துல யாருக்குக் கண்ணு முழிக்கும்? மரம் சீவுறவங்களுக்கு. லீவுன்னு சொன்னாலும் அவங்க கண்ணு கேக்காது."

சேகரன் தரையைப் பார்த்தான். கமலவேணி குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"முந்தாநாளு நீங்க வந்து இறங்குனப்போ, மங்களம் கேட் பக்கத்துல நின்னு டிபன் கேரியரைத் தட்டுத் தட்டாத் திறந்து வச்சுட்டு, சோதனை போட யாராவது வருவாங்கன்னு காத்துட்டு இருந்தா. வடிவேலு அண்ணன் கூட கேலி பண்ணுனாரு. நேத்து ராத்திரி சாப்பாட்டுல பாய் சொன்னாரு, நாளைக்கு சார்ஜன்ட் வந்து அரிசியைப் பார்ப்பாருன்னு. அப்ப அவ வாய்க்குக் கொண்டு போன சோறு அப்படியே நின்னுடுச்சு."

மங்களம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"எங்க பழைய தோட்டத்துல வீட்டுல அரிசியே வச்சுக்கக் கூடாதுக்கா. கம்பிவேலிக்குள்ள ஒரே இடத்துல ஆக்கி, சோறாத்தான் கொடுப்பாங்க. பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு மில்க் டின்னு அரிசியை ஒளிச்சு வச்சாருன்னு மாத்தா மாத்தா போலீசு வந்து கூட்டிட்டுப் போனாங்க. இன்னும் வரல. இவரு என்னடான்னா மூட்டை மூட்டையா வச்சுக்கிட்டு, சார்ஜன்ட் வராருன்னு சிரிச்சுட்டே சொல்றாரு! வெவரம் தெரியாத மனுசனா இருக்காரே, நம்மள உக்கார வச்சு மீன் கொழம்பு ஊத்துன மனுசனாச்சேன்னு..."

"சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்றார் அபூபக்கர். அவர் குரல் உடைந்திருந்தது.

"சொன்னா உங்களுக்கும் தெரிஞ்சதாயிடும் பாய்" என்றான் சேகரன். "கேட்டா, தெரியாதுன்னு நீங்க சத்தியம் பண்ணணும்ல. ஜீப்பு வந்ததும் நாங்களே சோத்தைக் காட்டலாம்னு இருந்தோம். மூட்டை மொத்தமும் ஆக்கிடத்தான் பார்த்தோம். விறகு பத்தல."

வடிவேலு தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான். கஃபார் கரண்டியைக் கீழே போட்டான். அபூபக்கர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று காளிமுத்துவுக்குத் தெரியவில்லை. அவனுக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. ஒரு சோதனைச் சாவடியில், ஒரு அம்மாளின் மடியிலிருந்து சாலையில் கொட்டப்பட்ட அரிசியை அவன் பஸ் படியில் நின்று பார்த்திருக்கிறான். ரைட் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். வேறென்ன செய்திருக்க முடியும்?

சாலையில் ஜீப் சத்தம் கேட்டது.

"இப்ப என்ன செய்ய தங்கச்சி?" என்று அபூபக்கர் கையைப் பிசைந்தார்.

"ஒண்ணும் செய்யாதீங்க. சோறு அங்கேயே இருக்கட்டும். நடந்ததை அப்படியே சொல்லுங்க."

மீசைக்கார மலாய் சார்ஜன்ட் முகம் இறுகி, ஓட்டை போட்ட டின்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். இடுங்கிய மூட்டையைப் பூட்ஸ் காலால் தட்டினார். அபூபக்கரின் சொல்லை அவர் நம்பியதாகத் தெரியவில்லை. படகுக் கொட்டகைக்கு நடந்தார். பின்னால் எல்லாரும், எல்லாருக்கும் பின்னால் ஆடு. தேக்சாக்களை மூடியிருந்த வாழையிலையைச் சேகரன் விலக்கினான். வெள்ளை வெளேரென்று இரண்டு குன்று. ஆவி கொட்டகைக் கூரையைத் தொட்டது. சார்ஜன்ட் கையை உள்ளே விட்டு அடிவரை துழாவினார். சுட்டது, உதறினார். மூட்டையில் குறைந்ததையும் தேக்சாவில் நிறைந்ததையும் மனதுக்குள் நிறுத்துப் பார்த்தார்.

"யார் ஆக்கினது?" என்று மலாயில் கேட்டார்.

மங்களம் முன்னால் வந்தாள். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள், சோதனைக்கு நிற்பதுபோல. சார்ஜன்ட் அந்தக் கைகளையே சற்று நேரம் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"கையை இறக்கம்மா" என்றார். "இந்தச் சோறு நாளைக்குப் புளிச்சுப் போகும். காட்டுக்கு நடந்து போகாது. கணக்கு சரி." பிறகு தேக்சாக்களை மறுபடி பார்த்துத் தலையைச் சொறிந்தார். "ஆனா இதை யார் சாப்பிடுறது?"

"அது என் வேலை!" என்றான் காளிமுத்து.

வடிவேலுவின் லாரியில் தொற்றிக்கொண்டு கோலா சுங்கை பாரு வரைக்கும் போனான். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, "மக்கான்! மக்கான்! சாப்பாடு! இடமிருக்கு, ஏறு ஏறு!" என்று கண்டக்டர் குரலில் கூவினான். டிக்கெட் இல்லாத சவாரி. லாரி நிரம்பி வழிந்தது. வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. கானாங்கெளுத்தியும் சுறாவும் கூடை கூடையாக இறங்கின. ஓட்டை போட்ட சார்டின் டின்களை இனி வைத்திருக்க முடியாது என்று கஃபார் எல்லாவற்றையும் உடைத்துச் சம்பால் வைத்தான். சார்ஜன்ட் மூன்று தடவை சோறு வாங்கினார். மணலில் பந்தி பந்தியாக உட்கார்ந்தார்கள். இப்படி ஒரு விளம்பரம் தன் விடுதிக்கு எந்தக் காலத்திலும் கிடைக்காது என்று அபூபக்கர் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார்.

வெயில் தாழ்ந்ததும் அவர் ஸ்டோருக்குப் போய், ஒரு மில்க் டின் நிறைய அரிசி அள்ளி வந்து மங்களத்தின் முந்தானையில் கொட்டினார்.

"நாளைக்கு உங்க ரெண்டு பேருக்கு நீயே ஆக்கும்மா. ரெண்டே பேருக்கு!"

மங்களம் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடுதிக் கேட்டை நோக்கி நடந்தாள். கேட்டுக்கு முன்னால் நின்றாள். இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள். சோதனை போட ஒருவரும் இல்லை. காலை எடுத்து வெளியே வைத்தாள். சாலையில் நின்று திரும்பிப் பார்த்தாள். மறுபடி உள்ளே வந்தாள். மறுபடி வெளியே போனாள். இந்த முறை சிரித்துவிட்டாள். சத்தமாக, வாயைப் பொத்தாமல். சேகரன் கூடாரத்து வாசலில் எழுந்து நின்றான்.

"என்னங்க செய்யுறா அவ?" என்று கமலவேணி மெதுவாகக் கேட்டாள். அவளுக்கு விடை தெரியாமல் இல்லை.

காளிமுத்து இரண்டு விரலை வாயில் வைத்து, பஸ்ஸுக்குக் கொடுப்பதுபோலவே இரட்டை விசில் கொடுத்தான்.

"ரைட்! போலாம்!"

மங்களம் மடி நிறைய அரிசியோடு மூன்றாவது முறையாகக் கேட்டைத் தாண்டினாள்.