கறுப்பு அட்டை

பகல் பன்னிரண்டு மணிக்கு நர்ஸ் பழைய வார்டைத் திறந்தாள். மூன்று வருடமாகப் பூட்டிக் கிடந்தது. உள்ளே ஈரச் சுவரும் பினாயிலும் கலந்த வாடை. பாலத்தில் பஸ் கவிழ்ந்திருந்தது. புது வார்டில் இடமில்லை.

"பழைய வீட்டுக்கே வந்துட்டீங்க, சிஸ்டர்," என்றார் ஆம்புலன்ஸ் டிரைவர்.

"கிண்டலை அப்புறம் வச்சுக்கலாம். ஒவ்வொருத்தரா இறக்குங்கண்ணே."

ஆளுக்கு அரை நிமிடம். மூச்சு, நாடி, பேச்சு. பிறகு மணிக்கட்டில் அட்டை. சிவப்பு என்றால் உடனே. மஞ்சள் காத்திருக்கலாம். பச்சை நடக்கும். கறுப்பு பிழைக்காது; தாண்டிப் போக வேண்டும்.

பயிற்சியில் டாக்டர் சொல்லியிருந்தார். இப்படிப் பிரிப்பதற்கு 'ட்ரையாஜ்' என்று பெயர். கம்பளியையும் காப்பிக்கொட்டையையும் தரம் பிரிப்பதற்கு இருந்த சொல் அது. போர்க்களத்துக்குப் போய், அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தது. "கொட்டையைத் தள்ளினா அதோட சரி. ஆளைத் தள்ளினா, மத்தவங்களை முடிச்சதும் போய் மறுபடி பார்க்கணும்."

மூன்று வருடத்துக்கு முன், ஆலையில் தீப்பிடித்த அன்று, இதே வார்டின் மூலையில், நெஞ்சு முழுக்க வெந்த ஒருவனுக்கு அவள் கறுப்பு கட்டினாள். அவன் அவளையே பார்த்தான். "இதோ வரேன்," என்றாள்.

போகவில்லை.

மாலையில் உடலை எடுக்க வந்தவர் சொன்னார். "இன்னும் சூடா இருக்காரு, சிஸ்டர்."

இன்று நான்காவது ஸ்ட்ரெச்சரில் அவளுடைய தங்கை இருந்தாள்.

"மூஞ்சிய அப்படி வச்சுக்காதக்கா. கால்தான்."

தொடை கிழிந்திருந்தது. நர்ஸ் துணியை இறுக்கிக் கட்டினாள். துணி உடனே நனைந்தது. சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டு அடுத்தவரிடம் போனாள்.

திரும்பியபோது டாக்டர் தங்கையைத் தாண்டிப் போயிருந்தார்.

"டாக்டர், இவளை விட்டுட்டீங்க."

"கறுப்பும்மா," என்றார் அவர். குரல் தாழ்ந்திருந்தது.

மணிக்கட்டைப் பார்த்தாள்.

கறுப்பு. முடிச்சு அவள் போடுகிற இரட்டை முடிச்சு.

கத்தரியால் வெட்டினாள். சிவப்பைக் கட்டினாள். வாசலில் யாரோ மூச்சுக்குத் திணறினார். அரை நிமிடம் போய் வந்தாள்.

கறுப்பு.

மறுபடி வெட்டிக் கட்டினாள். இந்த முறை கையை விடவில்லை.

"டாக்டர், இவ பேசறா. வந்து பாருங்க."

"இந்த ஆள் நெஞ்சுல கை வச்சிருக்கேன். எடுத்தா போயிடுவார். அட்டையைக் காட்டு."

தங்கையின் கையைத் தூக்கினாள். அட்டை மேலிருந்த தன் விரல்களை விலக்கினாள்.

டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"யாருக்கா அவரு?" தங்கையின் உதடு வெளுத்திருந்தது.

"எவரு?"

"உன் பக்கத்துல நிக்கிறாரே. கருகின வாடை வருது."

பக்கத்தில் யாரும் இல்லை. வாடை இருந்தது.

"என்ன சொல்றாரு?"

"இதோ வரேங்கிறாரு. அதையே சொல்றாரு."

நர்ஸ் இரண்டு கைகளாலும் காயத்தை அழுத்தினாள். விரல்களுக்கிடையே ரத்தம் வந்துகொண்டே இருந்தது. டாக்டர் வந்து சேர்ந்தபோது தங்கையின் பேச்சு நின்றிருந்தது.

இப்போது அட்டை சரியாக இருந்தது.

எல்லோரையும் கொண்டுபோன பிறகு அவள் வார்டின் அந்த மூலைக்குப் போனாள். வெறும் சிமெண்டுத் தரை. மண்டியிட்டு உள்ளங்கையை வைத்தாள்.

தரை சூடாக இருந்தது.

விரல்களை நகர்த்தி, பழக்கப்படி, லேசாக அழுத்திப் பார்த்தாள்.

நாடி ஓடியது.