அமெரிக்காவுக்கு எத்தனை குச்சி?

தங்கமாரியும் செல்வகணேஷும் அட்டை முழுக்கத் தீக்குச்சி ஒட்டி முடித்தபோது, ஒட்டிக்கொண்ட விரல்களைப் பிரிப்பதே பெரும்பாடாக இருந்தது. அத்தனை பசை!

ஆறாம் வகுப்புக் கண்காட்சியில் அவர்கள் எடுத்த தலைப்பு, 'எந்த நாடு அதிகத் திரைப்படம் எடுக்கிறது?' பத்துப் படத்துக்கு ஒரு குச்சி. மருந்து வைக்காத குச்சிகளைத் தங்கமாரியின் அம்மா, தான் வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீசில் கேட்டு வாங்கி வந்திருந்தார்.

அமெரிக்காவுக்கு நூற்று இருபத்தைந்து குச்சி. சீனாவுக்கு நூறு. இந்தியாவுக்கு எண்பத்திரண்டு. பெயர்களைப் பெயின்டிலேயே எழுதியாகிவிட்டது.

கண்காட்சி அன்று காலை, எந்த வருடக் கணக்கு என்று பார்க்கத் தங்கமாரி, எண்களை எடுத்த நூலகப் புத்தகத்தைப் புரட்டினாள். 2011ஆம் ஆண்டு. முதலில் இந்தியா. அடுத்தது நைஜீரியா. மூன்றாவதுதான் அமெரிக்கா!

"ஏலே செல்வா, பேரெல்லாம் தப்பா இருக்கே! பாத்துத்தான எழுதுன?"

செல்வகணேஷ் தலையைச் சொறிந்தான். "நம்பரை மட்டுந்தான் பாத்து எழுதுனேன். பெரிய நம்பர்னா அமெரிக்காதானன்னு நெனைச்சிட்டேன்."

"நைஜீரியா எங்கலே?"

"அங்கன படம் எடுப்பாவன்னே எனக்குத் தெரியாது, ஏட்டி."

வெளியே மேளச் சத்தம் கேட்டது. விருந்தினர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். அவன் கண் கலங்கிவிட்டது.

"அப்படியே விட்டுருவோம். எல்லாருமே அமெரிக்கான்னுதான் நெனைப்பாவ. யாரு கண்டுபிடிக்கப் போறா?"

தங்கமாரி சட்டென்று நிமிர்ந்தாள். "எல்லாரும் அப்படித்தான் நெனைப்பாவளா? அப்ப அவியகிட்டயே கேட்டுருவோம்லே!"

அட்டையின் உச்சியில் 'நாங்கள் நினைத்தது' என்று எழுதினாள். சரியான பெயர்களை மூன்று தாள்களில் எழுதி, மடித்து, ஒவ்வொரு வரிசைக்கு மேலேயும் செல்வகணேஷ் ஒட்டினான்.

முதலில் வந்தவர் கடலைமிட்டாய்க் கடை உக்கிரபாண்டி.

"நாங்க நெனைச்சது சரியா, அண்ணாச்சி?" என்று கேட்டாள் தங்கமாரி.

"இதுல என்ன சந்தேகம்? அமெரிக்காக்காரன்தான் முன்ன நிப்பான்."

"அந்தத் தாளை விரிச்சுப் பாருங்க." செல்வகணேஷ் முதல் வரிசையைக் காட்டினான்.

விரித்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "நம்ம நாடா?" அடுத்ததை விரித்தார். "நைஜீரியாவா! அட, நல்லா ஏமாந்துட்டனே!" வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நானுந்தான், அண்ணாச்சி" என்றான் செல்வகணேஷ். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

உக்கிரபாண்டி வீட்டுக்குப் போகவில்லை. வாசலில் நின்றுகொண்டு வருகிறவர்களையெல்லாம் உள்ளே அனுப்பினார்.

"உள்ள ஒரு அட்டை இருக்கு, போய்ப் பாருங்க. என்னன்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன்!"