இரண்டு பேட்டரிக்கு நடுவே ஒரு முடிச்சு

வந்தவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். உள்ளே கூப்பிட்ட பிறகும் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார்.

"நான் வண்டி எலக்ட்ரீஷியன். ஒரு மனுஷனை நான் கொன்னேனா இல்லையான்னு நீங்க பார்த்துச் சொல்லணும்."

அவர் தேடி வந்த ஆளை எல்லோரும் 'நிதானம்' என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருஷம் விபத்து வண்டிகளைப் பரிசோதித்து ஓய்வு பெற்றவர். பெயரை வைத்தது யாரோ, பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். அவர் ஒரு தேநீரைக் குடித்து முடிப்பதற்குள், கூடவே சுற்றும் அவருடைய அண்ணன் மகள் மூன்று பேரைக் குற்றவாளி ஆக்கிவிடுவாள்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார் நிதானம்.

"கால்நடை டாக்டர் ஒருத்தர். மலைக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிறவங்ககிட்ட ஊசி போடப் போவாரு. மருந்தைக் குளிர்ல வெச்சிருக்கணும். அதனால அவரு ஜீப்புல ரெண்டாவதா ஒரு பேட்டரி வெச்சுக் கொடுத்தேன். ஃப்ரிட்ஜ் அதுல மட்டும்தான் ஓடும். நடுவுல ஐசோலேட்டர்னு ஒரு சின்னப் பெட்டி. இன்ஜின் ஓடுறப்ப ரெண்டையும் சேர்த்து சார்ஜ் பண்ணும், நிறுத்தினா பிரிச்சுடும். ஃப்ரிட்ஜ் ரெண்டாவது பேட்டரியைக் காலி பண்ணினாலும், வண்டியைக் கிளப்ப முதல் பேட்டரி முழுசா இருக்கும்."

"அப்படி இருக்கலையா?"

"ரெண்டுமே செத்துப்போச்சு. ரெண்டு நாள் ஒரே இடத்துல நின்னு வேலை பார்த்திருக்காரு. மந்தையெல்லாம் நகர்ந்து போனப்புறம், மூணாம் நாள் காலையில வண்டி கிளம்பலை. வெயில்ல நடந்திருக்காரு. ரோட்டுக்கு நாலு மைல் இருக்கிறப்ப..." வாக்கியத்தை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினார்: "அவங்க அண்ணன் என் கடை வாசல்ல வந்து மண்ணை வாரித் தூத்திட்டுப் போனாரு. ரெண்டு மாசமா நான் ஸ்பேனரைத் தொடலை."

"ரெண்டாவது பேட்டரி ஃப்ரிட்ஜை எவ்வளவு நேரம் ஓட்டும்?"

"ஒரு நாள். மிஞ்சிப்போனா இன்னும் ரெண்டு மணி நேரம். அதனாலதான் சாயங்காலம் அரை மணி இன்ஜினை ஓட விடுங்கன்னு சொன்னேன். ஒரு தடவை மறந்துட்டாரு, மருந்து கெட்டுப்போச்சு. ஆனா அன்னைக்கும் வண்டி கிளம்புச்சு."

மறுநாள் காலை மூவரும் டாக்டர் வீட்டுக்குப் போனார்கள். வாசலில் நின்ற அண்ணன் ஆஜானுபாகுவான மனிதர், லாரி ஓட்டுபவர். "நீங்க ரெண்டு பேரும் வாங்க. அவன் உள்ள காலை வைக்கக் கூடாது" என்றார். எலக்ட்ரீஷியன் மறுபேச்சு பேசாமல் கேட்டுக்கு வெளியே கல்லில் உட்கார்ந்துகொண்டார்.

கொட்டகையில் ஜீப் தூசியோடு நின்றது. டாக்டரின் மனைவி சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அழுது அழுது ஓய்ந்த முகம்.

"கடைசியா எப்பம்மா பேசினாரு?" என்றார் நிதானம்.

"ரெண்டாம் நாள் சாயங்காலம். மேட்டுல ஏறினா சிக்னல் கிடைக்கும். 'இந்தத் தடவை ஃப்ரிட்ஜ் நிக்கவே இல்ல, ஒரு பாட்டில் கூட கெடலை'ன்னு சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டாரு. போன்ல சார்ஜ் தீரப் போகுதுன்னும் சொன்னாரு."

"இன்ஜினை ஓட விட்டாராமா?"

"டீசல் கம்மியா இருக்கு, இனி திரும்பி வரத்தான் வண்டியைக் கிளப்பணும்னாரு."

நிதானம் தலையசைத்துவிட்டு பானெட்டைத் திறந்தார். இரண்டு பேட்டரிகளும் பளிச்சென்று இருந்தன. ஒவ்வொரு நட்டின் மேலும் சிவப்பில் மெல்லிய கோடு. ஐசோலேட்டர் பெட்டியின் இரண்டு நட்டுகளில் மட்டும் கோடு உடைந்திருந்தது. பெட்டிக்குப் பின்னால், வெளியே தெரியாதபடி, ஒரு நட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தடித்த வயர் ஒன்று ஓடியது. முனைகளைக் கையால் முறுக்கியிருந்தார்கள். வண்டி குலுங்கும்போது ஆடாமல் இருக்க, வயரை ஒரு துண்டுக் கயிற்றால் கட்டியும் வைத்திருந்தார்கள்.

"ரெண்டையும் சேர்த்தே கட்டிட்டான், சித்தப்பா" என்று நிதானத்தின் அண்ணன் மகள் கிசுகிசுத்தாள். "பிரிக்கிற பெட்டியை வெச்சுட்டு, அதைச் சுத்தி வயரும் போட்டிருக்கான். வாசல்ல உட்கார்ந்துகிட்டு எவ்வளவு பவ்யம்."

"போய் அந்தச் சிவப்புக் கோடு என்னன்னு கேட்டுட்டு வா."

போன வேகத்தில் திரும்பி வந்தாள். முகம் சுண்டியிருந்தது. "அவர் மகளோட நகப்பூச்சாம். நட்டை முடுக்கினதும் மேல ஒரு கோடு போடுவாராம். அப்புறம் யாராவது திருகினா கோடு உடைஞ்சு தெரியும்னு. அவரே போட்ட வயரா இருந்தா..."

"மறுபடி கோடு போட்டிருப்பாரு. முனையையும் கையால முறுக்கியிருக்க மாட்டாரு. முதல் தடவை ஒரே நாள்ல ஃப்ரிட்ஜ் நின்னுச்சு, வண்டி கிளம்புச்சு. கடைசித் தடவை இன்ஜினே ஓடாம ரெண்டாம் நாள் சாயங்காலமும் ஃப்ரிட்ஜ் ஓடியிருக்கு. ரெண்டு பேட்டரியையும் அது குடிச்சிருக்கு. அப்படின்னா அந்த ரெண்டு தடவைக்கும் நடுவுலதான் யாரோ சேர்த்திருக்காங்க." அவர் கயிற்றின் முடிச்சைத் தொட்டார். "இந்த முடிச்சைப் பாரு. அப்புறம் முற்றத்துல நிக்கிற லாரியில தார்ப்பாயைப் பாரு."

பார்த்தாள். வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு, எல்லாம் அதே முடிச்சு. குரலைத் தாழ்த்தி, "இதைச் சொல்லித்தான் ஆகணுமா, சித்தப்பா?" என்றாள்.

"வாசல்ல ஒருத்தர் கல்லு மேல உட்கார்ந்திருக்காரேம்மா."

நிதானம் எல்லோரையும் கொட்டகைக்கு வரச் சொன்னார். எலக்ட்ரீஷியனைப் பார்த்ததும் அண்ணன் பல்லைக் கடித்தார்.

"உங்க லாரியில எத்தனை பேட்டரி?" என்று நிதானம் அவரிடம் கேட்டார்.

"ரெண்டு. எல்லாப் பெரிய லாரியிலயும் ரெண்டுதான்."

"தனித்தனியா வேலை செய்யுமா?"

"அது எப்படி? ரெண்டும் எப்பவும் சேர்ந்தேதான் இருக்கும். பிரிச்சு வெச்சா எதுக்கு ரெண்டு? இவன் அதைத்தான் கோட்டை விட்டான். ரெண்டுக்கும் நடுவுல வயரே போடலை. மருந்து கெட்டுப்போச்சுன்னு தம்பி வருத்தப்பட்டான். நான்தான் திறந்து பார்த்து, கிளம்புறதுக்கு முந்தின நாள், நல்ல வயரா போட்டு..."

அங்கேயே அவர் நின்றுவிட்டார். நிதானத்தின் முகத்தைப் பார்த்தார். பிறகு திறந்து கிடந்த ஜீப்பைப் பார்த்தார்.

"பிரிச்சு வெச்சதுதான் அவரைத் திருப்பிக் கூட்டிட்டு வந்திருக்கும்" என்றார் நிதானம், கேட்கிறவருக்கு வலிக்காத மாதிரி மெதுவாக. அப்படியும் வலிக்காமல் இருக்குமா?

"நான் சேர்த்தும் ரெண்டும் செத்துப்போச்சுன்னா, அந்தப் பெட்டிதான் மட்டமா இருக்கணும்னு..." அண்ணனின் குரல் உடைந்தது. "என் தம்பிங்க. நான் தோள்ல தூக்கி வளர்த்த தம்பி."

குற்றமற்றவர் என்று நிரூபணமான எலக்ட்ரீஷியனுக்குச் சந்தோஷம் வரவில்லை. "எதுக்குப் பிரிச்சிருக்கேன்னு உங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும், அண்ணே. டாக்டர்கிட்ட மட்டும் சொல்லிட்டு விட்டுட்டேன்" என்றார்.

டாக்டரின் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கோபம் வந்தது, அதை விழுங்கினாள், மறுபடி வந்தது. கடைசியில், "ஒரு பாட்டில் கூட கெடலைன்னு சொன்னாரு, மாமா" என்றாள். அதை ஆறுதலாகச் சொன்னாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

அண்ணன் ஜீப்பை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீயே கழட்டிடுப்பா. என்னால அதைத் தொட முடியாது."

இரண்டு மாதமாகத் தொடாத ஸ்பேனரை எலக்ட்ரீஷியன் எடுத்தார். நட்டுகள் கழன்று வந்தன. கயிறு வரவில்லை. நகத்தால் நோண்டினார், பல்லைக் கடித்து இழுத்தார். இழுக்க இழுக்க முடிச்சு இறுகியது. அறுத்துவிடலாம் என்று கத்தியை எடுத்தார்.

"அறுக்காதே" என்றார் அண்ணன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். எலக்ட்ரீஷியன் விலகி இடம் விட்டார். அண்ணன் கயிற்றின் வால் நுனியைத் தேடிப் பிடித்து இழுத்தார். ஒரே இழுப்பில் அவிழ்ந்து வந்தது.