இரண்டு பேர் வீட்டுத் தூசி

எண்ணூர்ச் சாம்பலைப் பச்சையம்மாவுக்கு நன்றாகத் தெரியும். அனல்மின் நிலையப் புகைபோக்கியிலிருந்து காற்றோடு வந்து கொடியில் காயும் துணியில் உட்காரும், சோற்றில் விழுந்து பல்லில் நறநறக்கும், விரலில் தேய்த்தால் கறுப்பாக ஒட்டும். இது அது இல்லை. ஜன்னல் இடுக்கிலெல்லாம் ஈரத்துணி திணித்து, காலையில் இரண்டு தடவை துடைத்த தரையில், பொழுது சாய்வதற்குள் அரிசி மாவு போல வெளுப்பாக, மெத்தென்று படிந்து கிடந்தது இந்தத் தூசி. அதுவும் பாயின் இடது பக்கம் மட்டும். ஐந்து மாதத்துக்கு முன்பு நுரையீரல் கெட்டுச் செத்துப்போன அவள் புருஷன் டில்லிபாபு படுத்திருந்த பக்கம். குனிந்து பெருக்கும்போது பீடியும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாடை லேசாக மூக்கில் ஏறும்.

வாடைக்கு அவள் பயப்படவில்லை. சொல்லப்போனால், அதற்காகவே சில நாள் இன்னும் கொஞ்சம் குனிந்தாள். பயமெல்லாம் குழந்தையைப் பற்றித்தான். நாலு வயது ரமாபாய் மூச்சை இழுத்தால் விலா எலும்புகள் உள்ளே குழிந்தன. விட்டால் ஓட்டை விழுந்த சைக்கிள் பம்பு மாதிரி சத்தம். இந்த வாரம் மட்டும் மூன்று முறை ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி மருந்துப் புகை கொடுத்தார்கள். இனி ஒரு தடவை வந்தால் அந்தச் சின்ன நெஞ்சு தாங்குமா?

அன்று மத்தியானம், பெருக்கியதைப் பேப்பரில் மடித்து டாக்டரிடம் எடுத்துப் போனாள். அவர் பொறுமையாகவே சொன்னார். வீட்டுத் தூசியில் வெளியிலிருந்து வரும் மண்ணும் சாம்பலும் ஒரு பங்கு. மற்றதெல்லாம் வீட்டில் இருப்பவர்கள்தான். உதிர்ந்த தோல், முடி, துணி நூல். அந்தத் தோலைத் தின்று பாயிலும் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் வாழும். அவற்றின் எச்சம் சில குழந்தைகளின் மூச்சுக்குழலை இறுக்கிவிடும். பிறகு பொட்டலத்தைப் பிரித்தார்.

"ஒரு மாசத்துதா?"

"நேத்து ஒரே நாளுது சார்."

"வீட்ல எத்தனை பேர்?"

"நானும் பாப்பாவும்."

அவர் பொட்டலத்தை மெல்ல மடித்தார். "ரெண்டு பேர் வீட்டுத் தூசி இல்லம்மா இது."

குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வரும்போதுதான் அவளுக்கு உறைத்தது. டில்லிபாபுவை மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குத் தூக்கிப்போன அன்று தண்ணி லாரி வரவில்லை. பிணம் போன வீட்டைக் கழுவாமல் பெருக்க மட்டும் செய்தாள். அதற்குள் விளக்கு வைத்தாகிவிட்டது. விளக்கு வைத்தபின் குப்பையை வெளியே தள்ளக் கூடாதென்று பீரோவுக்குப் பின்னால் ஒதுக்கினாள். மறுநாள் அள்ளப் போனால், அதில் அவன் சீப்பிலிருந்து உதிர்ந்த முடி சுருண்டு கிடந்தது. தூக்கிப் போடக் கை வரவில்லை. இருந்துட்டுப் போ என்றாள். வாய்விட்டே சொன்னாள்.

வீடு சேரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. வீட்டைக் கழுவ, பக்கத்து வீட்டுச் சிலுவையம்மாளிடம் இரண்டு குடம் தண்ணீர் கேட்டாள்.

"பொணம் போன அன்னிக்கே ஒரு கொடமாவது ஊத்துன்னேன், கேட்டியா? இப்ப வெளக்கு வெக்கிற நேரத்துல இன்னாடி அவசரம்?" என்று முணுமுணுத்தபடியே சிலுவையம்மாள் குடங்களைத் தூக்கி வந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

குழந்தையைப் பாயின் வலது பக்கம் படுக்க வைத்துவிட்டு, பச்சையம்மா பீரோவை இழுத்தாள். கால்கள் தரையில் கிறீச்சிட்டன.

மூலை சுத்தமாக இருந்தது.

முடி இல்லை. தூசி இல்லை. நக்கி எடுத்தது போலத் துப்புரவு. அங்கிருந்து வெளுத்த தடம் ஒன்று மட்டும், கடைசி நாட்களில் டில்லிபாபு நடந்தது போலக் காலை இழுத்து இழுத்து நடந்த தடம், பாய் வரை போயிருந்தது. இடது பக்கத்துக்கு அல்ல. வலது பக்கத்துக்கு.

பம்பு சத்தம் நின்றிருந்தது.

ரமாபாய் இருமினாள். சின்னதாக இரண்டு. நீளமாக ஒன்று. கரி யார்டு வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றும்போதே டில்லிபாபு இருமும் இருமல். குழந்தையின் உதட்டைச் சுற்றி வெள்ளையாக அப்பியிருந்தது. முந்தானையால் துடைத்தாள். மறுபடி வந்தது. துடைத்தாள். நெஞ்சு ஏறவில்லை. உதடு நீலமாகிக்கொண்டு வந்தது.

"உட்ருய்யா," என்றாள். "உங்கொயந்தய்யா அது. எங்கிட்ட வந்துரு."

குனிந்தாள். மகளின் வாயில் வாய் வைத்தாள். உறிஞ்சினாள்.

பீடி. தேங்காய் எண்ணெய். கரி. நாக்கில். தொண்டையில். உள்ளே. இன்னும் உள்ளே. ஒற்றை முடி தொண்டையில் ஊர்ந்து இறங்கியது. விடாமல் இழுத்தாள்.

குழந்தையின் நெஞ்சு ஏறியது. இறங்கியது. சத்தமே இல்லாத, சுத்தமான மூச்சு. கண் திறந்தாள். அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"நைனா," என்று சிரித்தாள். "எப்ப வந்த?"

இரண்டு கையாலும் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தோடு முகம் ஒட்டினாள். சிரித்த வாய் திறந்தே இருந்தது.

பச்சையம்மா உதட்டை இறுக்கி மூடினாள். மூக்கை விரலால் பிடித்தாள். மூச்சு விடக் கூடாது. விடவே கூடாது. வாசலில் இரண்டு குடமும் தளும்பாமல் நின்றன. அவள் நெஞ்சுக்குள் யாரோ புரண்டு படுத்தார்கள்.

முதல் இருமல் தொண்டைக்கு ஏறி வந்துகொண்டிருந்தது.